கன்னிமாரை இடம் மாற்றியவர்கள்

யோகப்பிரியாவுக்கு இட்லி இறங்கவில்லை. மூன்று நாளாகத் தலைக்கு ஊற்றிக் குளித்தும் மூக்கை விட்டு அந்த நாற்றம் போகவில்லை. ஹில் வியூ கார்டனில் வெள்ளம் வடிந்த பிறகு மிஞ்சிய சேறும், பொங்கி வழிந்த செப்டிக் டேங்கும், வேலியில் மாட்டிச் செத்த கோழிகளும் சேர்ந்து அடிக்கிற நாற்றம் அது. எதிரே அவளுடைய மாமனார் நஞ்சப்பன் ஆறாவது இட்லியைக் கொத்தமல்லிச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு மூக்கே இல்லையா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூக்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாற்றம் அடிக்கிற வீடுகளுக்குள் அவர் இன்னும் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இட்லிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு முத்திரைத்தாள் கிடந்தது. அவள் கணவன் சந்துரு பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு எழுத்தரைப் பிடித்து மலையாளத்தில் டைப் அடித்து வாங்கி வந்தது. கார்டனின் கடைசி வீட்டுக்காரர் சூசையப்பன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் இரண்டாம் தடவையாக வருகிறாள். அதற்குள் கையெழுத்து வந்துவிட வேண்டும், அதை வாங்கிவர யோகப்பிரியாதான் போக வேண்டும். சந்துரு சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு, சர்க்கார் நிவாரணத்துக்கு வில்லேஜ் ஆபீசில் கொடுக்கிற மனு என்று அந்த ஆளிடம் சொல்லிவிடும்படி சேர்த்துக்கொண்டான். சூசையப்பனுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அது தெரிந்துதான் மலையாளத்தில் அடித்திருந்தான்.

யோகப்பிரியாவுக்குப் படிக்க வரும். பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்த இந்த எட்டு வருஷத்தில், பத்திர வேலைக்கும் பாலிசி வேலைக்கும் என்று கற்றுக்கொண்டாள். படித்தாள். 'இந்த மனை பழைய பள்ளம் என்பதையும், இதில் வெள்ளம் வரக்கூடும் என்பதையும் விற்றவர்கள் எனக்கு முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். அதை அறிந்தே வாங்கினேன்.' கீழே பழைய தேதி.

"இதுல அவரு கையெழுத்துப் போட்டா இன்சூரன்ஸ் காசு வராதுங்க," என்றாள்.

"போடலீன்னா போலீஸ் இங்க வரும்," என்றான் சந்துரு. "ஏமாத்தி வித்தோம்னு கேஸ் ஆகும். அப்பாவையும் சேர்த்துத்தான் இழுப்பாங்க. யோசிச்சுக்க."

நஞ்சப்பன் விரலை நக்கிக்கொண்டே, அந்தாளுக்கு ரெண்டு மூட்டை அரிசி கொடுத்துவிடலாம், பாவம் என்றார். பாவம் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் யோகப்பிரியா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரளத்தின் எல்லையோரமான இந்தப் பக்கத்தில் மழைக்கு ஏங்கித்தான் பழக்கம். பாலக்காட்டில் ஊற்றுகிறபோது இங்கே வானம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நஞ்சப்பன் தோட்டத்தை ஒட்டிப் போகிற பள்ளம் என்ற ஓடையில் வருஷம் முழுக்க ஆடுதான் மேயும். ஆனால் முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை, கிழக்கே கோயமுத்தூர்ப் பக்கம் விடாமல் பெய்து குளங்கள் உடைத்துக்கொண்டால், அந்தப் பள்ளம் தான் யார் என்பதைக் காட்டிவிட்டுப் போகும். அதற்காக அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் கன்னிமார் கற்கள் ஏழையும் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் எதுவரை எட்டியதோ அங்கே நட்டுப் பொங்கல் வைப்பார்கள். அந்தக் கற்களுக்குக் கீழே வீடு கட்டுவதில்லை. மாட்டுக்கொட்டகைகூடப் போடுவதில்லை. கடைசியாக நட்டது நஞ்சப்பனுக்குப் பதினைந்து வயதில், மேட்டில் நிற்கிற வெள்வேல மரத்தடியில்.

சந்துரு ரியல் எஸ்டேட்டில் இறங்கியதும் முதலில் கண்ணை வைத்தது அந்தப் பள்ளத்து நிலத்தின் மேல்தான். செம்மண் அடித்து நிரவி, தார் ரோடு போட்டு, வளைவு கட்டி, 'ஹில் வியூ கார்டன்' என்று பெயர் வைத்தான். மலை தெரிந்தது என்னவோ உண்மை. குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம்தான் தெரியும். ஒரே ஒரு தொந்தரவு, மனைகளுக்கெல்லாம் மேலே மரத்தடியில் மஞ்சள் பூசி நின்ற அந்த ஏழு கற்கள். உள்ளூர் ஆள் ஒருவர் மனை பார்க்க வந்து, கற்களைப் பார்த்து, கீழே மனையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரமே கன்னிமாரைக் கார்டன் முகப்புக்கு மாற்றுவதென்று முடிவானது.

தெய்வத்தைச் சும்மா பெயர்த்து வைத்தால் குற்றமாகிவிடும் அல்லவா. அதனால் ஐயரை அழைத்து, யாகம் வளர்த்து, கிடா வெட்டி, ஊரெல்லாம் சாப்பாடு போட்டார்கள். நஞ்சப்பன் கலரில் நோட்டீஸ் அடித்தார். அதில் தன் அப்பன், பாட்டன் பெயரெல்லாம் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் சொல்லச் சொல்ல, கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த யோகப்பிரியாதான் போனில் டைப் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்பினாள். 'எங்கள் பாட்டனார் காலத்திலும் தகப்பனார் காலத்திலும் பள்ளத்து வெள்ளம் வந்து நின்ற இடத்தில் எழுந்தருளி, எங்கள் குலத்தைக் காத்துவரும் கன்னிமார் அம்மன், பக்தர்களின் வசதியை முன்னிட்டு...' தெய்வத்தை ஏமாற்றப் போகிற காரியத்தைக்கூடப் பெருமையாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கிற புத்தி இந்தக் குடும்பத்துக்குத்தான் வரும். அந்த நோட்டீஸை லேமினேட் செய்து சாமி ரூமில் மாட்டியும் வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து வந்தவர்தான் சூசையப்பன். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனால், தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுக்கிற லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அங்கத்துச் சட்டம். மலையிலேயே எங்கேயாவது இருந்துகொள்ள அவருக்கு மனமில்லை. பக்கத்து எஸ்டேட்டில் ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு லயமே போனதைப் போய்ப் பார்த்தவர். மண்ணைத் தோண்டியவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டால் மனைவி உட்கார்ந்தே விடிய வைப்பாளாம். மழையே பெய்யாத ஊராகப் பார்த்து வந்தோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அட்வான்ஸ் கொடுக்க இந்த வீட்டுக்கு வந்தபோது, கூட வந்த புரோக்கருக்கு எவர்சில்வர் டம்ளரிலும் சூசையப்பனுக்குப் பேப்பர் கப்பிலும் காப்பி வந்தது. மாமியார் மருதாத்தாள் அப்படித்தான் கொடுத்தனுப்பினாள். கொண்டுவந்து நீட்டியது யோகப்பிரியா. சூசையப்பன் கப்பையும் டம்ளரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குடித்தார். அன்றைக்கு அதைக் கவனித்ததும் அவள்தான், கவனிக்காத மாதிரி உள்ளே போனதும் அவள்தான்.

சந்துருவின் வியாபாரத்தில் மனையும் பாலிசியும் சேர்ந்தே போகும். மனைவிக்கு ஏஜென்சி எடுத்துக் கொடுத்ததே அதற்குத்தான். வீடு கட்ட வங்கியில் கடன் வாங்குகிறவர்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். பாரத்தை அவள் நிரப்புவாள், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். சூசையப்பன் மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பதினோராவது கேள்வி, இந்த இடத்தில் இதற்கு முன் வெள்ளம் வந்ததுண்டா என்பது. அதைப் படித்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தாயி, அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். இங்க தண்ணி வருமா? உள்ளதச் சொல்லுங்க, போதும்."

யோகப்பிரியா மாமனாரைப் பார்த்தாள். ஆடு மேயுற பூமீங்க இது என்று நஞ்சப்பன் சிரித்தார். அவள் 'இல்லை' என்று எழுதினாள். நோட்டீஸ் அவள் தலைக்கு நேரே அடுத்த அறைச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்க வேண்டாம் என்று விட்டாள். அதற்கு என்ன பெயர் என்று இப்போது அவளுக்குத் தெரிகிறது.

இந்த ஆடியில் பள்ளம் வந்தது. கிழக்கே மூன்று நாள் பெய்த மழை ஒரு பகல் பொழுதில் வந்து இறங்கியது. கார்டனில் ஒன்பது வீடு. மற்ற வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருந்தார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. சூசையப்பனும் மனைவியும் மட்டும் மாடிப்படியில் ஏறி உட்கார்ந்து, தங்கள் கட்டிலும் பீரோவும் அரிசி டிரம்மும் கூடத்தில் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வெள்வேல மரத்தடி வரை ஏறி, கன்னிமார் முன்பு நின்ற இடத்தில் சரியாக நின்றது. அங்கே கன்னிமார் இல்லை. முகப்பு வளைவுக்கடியில் இருந்த ஏழு கற்களையும் வெள்ளம் முதல் அடியிலேயே உருட்டிக்கொண்டு போய்விட்டது.

தேடியதில் மூன்று கிடைத்தன. மீதி நான்கையும் தேட நஞ்சப்பன் ஜேசிபி வைத்தார். தலையில் கை வைத்துக்கொண்டு பள்ளத்தோரம் நின்று கண் கலங்கினார். சூசையப்பன் வீட்டுச் சேற்றை அள்ள அதே ஜேசிபியை யோகப்பிரியா கேட்டபோது டிரைவர் லீவு என்றார்கள். அவளே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். முழங்கால் வரை சேறு. அது சேறு மட்டுமில்லை என்பது இறங்கியதும் தெரிந்தது. சூசையப்பனின் மனைவி எஸ்டேட்டில் கொடுத்த ரிட்டயர்மென்ட் போட்டோவை அதற்குள்ளிருந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். முகம் வரவில்லை.

முதல் தடவை சர்வேயர் நிமி வந்தபோது பேச்சு அதிகமில்லை. பாலக்காட்டுக்காரி, முப்பது வயதிருக்கும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப் வைத்து அளந்தாள், போட்டோ எடுத்தாள், ரோட்டில் நின்று பள்ளம் போகிற திசையைப் பார்த்தாள். வில்லேஜ் ஆபீசின் பழைய வரைபடத்தில் இந்த வீட்டுக்கு நடுவில் நீர்வழி போகிறது என்று சொன்னாள். வெள்ளம் வருகிற இடம் என்று தெரிந்தே மறைத்து பாலிசி எடுத்திருந்தால் கம்பெனி ஒன்றும் தராது. வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஆனால் பாரத்தை எழுதிய ஏஜென்டுக்குத் தெரிந்திருந்தது என்றால் கதையே வேறு. கம்பெனி மறுத்தாலும் மேலே முறையிட்டு வாங்க வழியுண்டு. ஆகவே யாருக்கு என்ன தெரியும் என்று எழுத்தில் வேண்டும் என்றாள். சொல்லும்போது பாரத்தை நிரப்பிய கையெழுத்தையும் யோகப்பிரியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பேச்சு அன்று மதியமே சந்துருவின் காதுக்குப் போயிற்று. அடுத்த நாள் முத்திரைத்தாள் வந்துவிட்டது.

தட்டைக் கழுவிவிட்டு யோகப்பிரியா சாமி ரூமுக்குப் போனாள். மருதாத்தாள் மூன்று கற்களையும் தாம்பாளத்தில் வைத்து மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆணியிலிருந்து நோட்டீஸை மருமகள் கழற்றியதைப் பார்த்தாள்.

"அது எதுக்கு அம்மிணி?"

"சூசையப்பனுக்குக் காட்டலாம்னுங்க அத்தை."

மருதாத்தாள் கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றது. அவளுக்கும் எல்லாம் தெரியும். ஆனால் அவள் பயந்தது வேறு. "சாமி ரூம்ல இருந்தத அந்தச் சேத்து ஊட்டுக்குக் கொண்டு போறயா? தீட்டாயிரும்" என்றாள். இந்த வீட்டில் எது தீட்டு என்று யோகப்பிரியாவுக்கு இனிமேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்திரைத்தாளையும் நோட்டீஸையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

சூசையப்பன் வாசலில் சேறு தள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, மிஞ்சிய ஒற்றைப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். மனைவியிடம் குரல் கொடுத்து அவளுக்குக் கடுங்காப்பி போடச் சொன்னார். கழுவி வைத்த பாத்திரம் என்று அந்த வீட்டில் ஒரு சட்டியும் ஒரு எவர்சில்வர் டம்ளரும்தான் இருந்தன. அந்த டம்ளர் அவள் கைக்கு வந்தது. அவள் பாதி குடித்தாள். மீதியோடு டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்தது ஊரில் அவள் ஒருத்திதான் என்று அவர் சொன்னார். அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் அவள் பைக்குள் கை விட்டாள். முதலில் கைக்கு வந்தது முத்திரைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"கையெழுத்துப் போடணுமா தாயி? மலையாள எழுத்து எனக்கு ஓடாது. கண்ணாடியும் சேத்தோட போச்சு. நீங்க கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும், எங்கன போடணும்னு மட்டும் சொல்லுங்க."

நிவாரண மனு என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் வீடு, புருஷன், ஏஜென்சி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, தாளைத் தொடையில் வைத்துக்கொண்டார். அவர் விரல் இடுக்குகளில் கறுத்த சேறு காய்ந்திருந்தது. யோகப்பிரியா தாளைப் பிடித்து இழுத்தாள். பேனா ஒரு கோடு போட்டுக்கொண்டு போயிற்று.

"போடாதீங்க. இது நிவாரணத்துக்கு இல்லீங்க. தண்ணி வரும்னு தெரிஞ்சேதான் வாங்குனீங்கன்னு எழுதியிருக்குது. போட்டீங்கன்னா உங்களுக்கு ஒண்ணும் வராது."

அவள் நோட்டீஸை எடுத்து நீட்டினாள். இது தமிழ், இதைப் படியுங்கள் என்றாள். கண்ணாடி இல்லாததால் அவர் கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார். ஐயர் பெயர், யாக நேரம், அன்னதானம் எல்லாம் படித்தார். 'பள்ளத்து வெள்ளம் வந்து நின்ற இடத்தில்' என்ற வரிக்கு வந்தபோது நிறுத்தி, திரும்ப ஒரு தடவை படித்தார். பிறகு மேலே தலையைத் தூக்கி வெள்வேல மரத்தைப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இது நாங்க வாங்குததுக்கு முந்தியா, பிந்தியா?"

"ரெண்டு வருஷம் முந்திங்க."

"அன்னைக்கு நான் உங்கள்ட்டக் கேட்டேன்லா. அப்ப இத நீங்க படிச்சிருந்தியளா?"

"நாந்தாங்க இத டைப் பண்ணுனேன்."

நிமியின் வண்டி வந்து நின்றது அப்போதுதான். யோகப்பிரியா அவளிடம் நோட்டீஸையும், பேனாக் கோடு விழுந்த முத்திரைத்தாளையும் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நிமி இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போகும் சேச்சி, வீட்டிலும் நிற்க முடியாது, யோசித்துவிட்டு எழுதுங்கள் என்றாள். இதற்கு முன் யோசித்ததெல்லாம் எப்படிப்பட்ட யோசனை என்று யோகப்பிரியாவுக்குத் தெரியும். ஸ்கூட்டி சீட்டின் மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதினாள். 'பதினோராவது கேள்விக்கு இல்லை என்று எழுதியது நான். சூசையப்பன் கேட்டார். வெள்ளம் வந்தது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.' நான்கு வரியில் முடிந்துவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டாள். எழுதி முடித்ததும் மனசு லேசாகும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள். அப்படியெல்லாம் ஆகவில்லை. தன்மேல் இருந்த அருவருப்பு இம்மியும் குறையவில்லை.

சூசையப்பன் திண்டில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அவர் எழுந்து வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த டம்ளரை எடுத்தார். மீதிக் காப்பியைச் சேற்றில் ஊற்றினார். அந்த வீட்டுக்கென்று மிஞ்சிய ஒரே டம்ளர் அது. அதை அவர் உள்ளே கொண்டுபோகவில்லை. வாசலில் குவித்திருந்த வெள்ளக் குப்பையின் மேல், செத்த கோழிகளுக்கும் கிழிந்த மெத்தைக்கும் நடுவில், மெதுவாக வைத்துவிட்டு வந்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சில்லா," என்றார். "போங்க."

இந்தத் தடவை அவர் தாயி என்று சொல்லவில்லை.